விலை பேசி முடித்த பிறகு தரகர் யார் பக்கம்?

கும்பகோணம் பக்கம்

போன வருஷம் ஆனியில் நடந்தது. அரசலாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடு, கொல்லையோடு சேர்த்து ஒன்பது சென்ட். முற்றமும் திண்ணையும் கொல்லை மாமரமும் அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி மகனோடு சென்னையில் இருக்கிறார். சாவி தரகரிடம்.

தரகருக்கு அறுபது தாண்டியிருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல், மஞ்சப்பை, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அதெல்லாம் லேஅவுட் போட்டு மனை விக்கிறவங்களுக்குத் தம்பி, பழைய வீட்டுக்கு எதுக்கு?" என்றார். அது சரிதான். நம்மூரில் பெரும்பாலான தரகர்களுக்கு முகம்தான் லைசென்ஸ்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விலை பேசினோம். நான் ஒரு தொகை சொன்னால் அவர் எழுந்து போய் பஞ்சர் கடை ஓரம் நின்று போனில் பேசிவிட்டு வருவார். 45 லட்சம் என்றது 43 ஆகி, கடைசியில் 41இல் நின்றது. "ஐயா சம்மதிச்சுட்டாரு. இனிமே இது உங்க வீடு தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டோக்கன் ஐம்பதாயிரம், ரொக்கம். நோட்டைத் திறந்து என் பெயரைத் தப்பாக எழுதி, நேரே வரவு வைத்தார். அந்தப் பக்கத்தின் தலைப்பில் வீட்டுக்காரர் பெயர். அதையடுத்து 38 என்று எழுதி ஒரு வட்டம். கதவு எண் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை ஒரு நாளைக்கு நாலு தரம் அவரே கூப்பிடுவார். டோக்கன் வாங்கியதிலிருந்து நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மூலப் பத்திர நகல் கேட்டால் "ஐயா கூரியர்ல அனுப்புறாரு". அக்ரிமெண்ட் எப்போது என்றால் "ஆடி பொறக்கப் போவுது, ஆவணியில வச்சுக்குவோம்". பத்தாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார். "தம்பி, இன்னொரு பார்ட்டி 44 சொல்றான். துபாய் காசு. உங்களுக்காகத்தான் நான் புடிச்சு வச்சிருக்கேன். ஒரு ரெண்டு ஏத்திக் குடுத்தீங்கன்னா ஐயாகிட்ட பேசி முடிச்சுடுவேன்."

"அந்த ஐயாகிட்ட நாம ஒரு வார்த்தையாவது பேசியிருக்கோமா?" என்று மனைவி கேட்டபோதுதான் உறைத்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தேன், அதில் பெயர் வரும், போன் நம்பர் வராது. மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மாவிடம் போய் நின்றேன். "அவரா? பொங்கலுக்குப் பொங்கல் பேசுவாரே" என்று நம்பரைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் சொன்னது இது: "38க்கு முடிஞ்சதுன்னுதானே சொன்னார். நீங்க பணம் புரட்ட டைம் கேக்கறதா சொன்னார். டோக்கனா? யார் கையில குடுத்தீங்க?" துபாய் பார்ட்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஞாயிறே சென்னைக்குப் போய் அவரை நேரில் பார்த்தோம். 38க்கே கொடுத்தார். கிரய ஒப்பந்தத்தைப் பதிந்தோம், ஆவணியில் பத்திரம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் தரகர் வந்து நின்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "ஐம்பதாயிரத்தில் உங்கள் ஒரு பர்சென்ட் தரகு 38 ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்" என்றேன். பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த வீடு விற்பனைக்கு இருக்கிறதென்று எனக்குச் சொன்னதே அவர்தானே, அந்த வேலைக்குக் கூலி. மனைவி இன்றுவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை.

விலை பேசி முடித்த பிறகு உங்கள் தரகர் எப்படி இருந்தார்? எழுதுங்கள்.


மன்னார்குடி, இப்போது சிங்கப்பூர்

எங்கள் தரகர் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மா நஞ்சை, கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். மே மாதம் லீவில் வந்தபோது காட்டினார். மேட்டூர் திறக்காத மாதத்தில் டெல்டாவில் பெரும்பாலான வயல்கள் வெடித்துக் காலியாகத்தான் கிடக்கும். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். விலை பேசி ஓனருக்கு பேங்க் வழியாக இரண்டு லட்சம் அனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூன் 12 அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் என் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார். அந்த ஆறு மாவில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருக்கிறது, வரப்பில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு நிற்கிறார். அவருடைய அப்பா காலத்திலிருந்து குத்தகை. 1955ஆம் வருஷத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அவரை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது. பதியாத குத்தகை என்பது வில்லங்கச் சான்றில் வரவும் வராது. தாலுகா ஆபீஸில் குத்தகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், அதைவிட நல்லது பக்கத்து வயல்காரரைக் கேட்பது.

தரகரைக் கூப்பிட்டேன். "அது ஊருக்கே தெரியுமே தம்பி, உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்" என்றார். ஓனர் கடைசியில் இரண்டு மாவைக் குத்தகைக்காரருக்கே எழுதிக் கொடுத்து முடித்தார், மீதி நாலு மாவை நான் வாங்கினேன். நியாயமான முடிவு என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பெரியவர் இப்போது எனக்குப் பக்கத்து வயல்காரர். ஆனால் எட்டு மாதம் ஆனது, இரண்டு தரம் பிளைட் பிடித்து வந்தேன்.


திருவாரூர்

சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே வயிறு எரிகிறது. வீடு ஓனருடையது, அடிமனை கோயிலுடையது. தரகர் காட்டியது வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும். நானும் அதைப் பார்த்து மயங்கி ஒரு லட்சம் கொடுத்தேன். பத்திர எழுத்தர் சர்வே எண்ணைப் பார்த்த உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது கோயில் எடம் சார். பதிவுச் சட்டம் 22-அ பிரிவுல பதியவே மாட்டாங்க."

டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் இல்லாத ஊர் எது? அந்தத் தெருவே கோயில் மனை என்று அங்கே பிறந்து வளர்ந்த தரகருக்குத் தெரியாதா? பணம் மூன்று தவணையாகத் திரும்பி வந்தது, கடைசித் தவணை சில்லறையாக.


தஞ்சாவூர், தரகு வேலை

நானும் தரகன்தாங்க. 22 வருஷம். எல்லாரும் எங்களைப் போட்டு வாங்குறீங்க, நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன்.

முதல்ல எழுதின கும்பகோணம் தம்பி, அந்தாளு செஞ்சது தப்பு. ஓனர் சொன்ன விலைக்கு மேல வச்சு விக்கிறதுன்னு சொல்லுவோம், எங்க தொழில்ல அது இருக்கு, இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். ஆனா பத்திரம் ஆனாத்தான் எனக்குக் காசு. பத்து எடம் காட்டுனா ஒண்ணு முடியும். அந்த ஒண்ணுலயும் எனக்கும் ஓனருக்கும் நடுவுல மூணு பேரு இருப்பான், ஒரு பர்சென்ட்டை நாலாப் பிரிக்கணும். எடத்தைப் பாத்துட்டு என்னைத் தாண்டிப் போயி ஓனரோட முடிச்சுக்கிட்டு, எதிர்ல வந்தா வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போற பார்ட்டியும் இருக்காங்க. அதனாலதான் தரகன் ஓனர் நம்பரைக் குடுக்க மாட்டான். எல்லா நேரமும் திருட்டுத்தனம்னு நினைக்காதீங்க.

வாங்குறவங்க செய்யிற தப்பு என்னன்னா, தரகன் "முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னதை முடிஞ்சதா நினைக்கிறது. எங்க அப்பா காலத்துல வெத்தலை பாக்கு மாத்திட்டா அதுதான் பத்திரம். இப்ப வாய் வார்த்தைய நம்பி ஒரு ரூபா குடுக்காதீங்க. விலை படிஞ்ச அன்னிக்கே ஓனரும் நீங்களும் நேரா உக்காரணும், நான் நடுவுல உக்காந்துக்குறேன். அட்வான்ஸ் ஓனர் அக்கவுண்டுக்குப் போவணும். எடத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2015 ஜூன்லேர்ந்தே வருமான வரிச் சட்டத்துல இருக்கு. கிரய ஒப்பந்தத்தைப் பதியணும்னு நம்ம மாநிலத்துல 2012 டிசம்பர்லயே கொண்டுவந்துட்டாங்க. இன்னமும் பதியாம, பத்திரத்தாள்ல எழுதி மடிச்சு பீரோவுல வைக்கிறாங்க. பத்திரச் செலவு, முத்திரைத்தாள் ஏழும் பதிவுக் கட்டணம் ரெண்டும் ஒம்பது பர்சென்ட் கட்டத் துணிஞ்சவங்க இதுக்குப் போயி யோசிக்கிறாங்க.

இன்னொண்ணு, அக்கா தங்கச்சி கையெழுத்து. போன மாசம் ஒரு கேஸ். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க, கூட்டுப் பட்டா, விலையும் படிஞ்சிருச்சு. மலேசியாவுல இருக்கிற அக்காவைப் பத்திப் பேச்சே எடுக்கல. அப்பா தேடுன சொத்து, உயில் கிடையாது. வாரிசுச் சான்று கேட்டேன், மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. வாங்குற பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன். வியாபாரம் முறிஞ்சு போச்சு, எனக்கு அலைஞ்ச பெட்ரோல் காசு கூட வரல. இதையும் எழுதுங்க.


பட்டுக்கோட்டை

எல்லாரும் வாங்கினவங்களா எழுதுறீங்க. நான் விற்றவள்.

கஜா புயலில் எங்கள் தோப்பில் பாதி தென்னை சாய்ந்தது. மறுபடி கன்று வைத்துக் காப்புக்குக் காத்திருக்க வயதும் இல்லை, தெம்பும் இல்லை. ஒரு ஏக்கரை மட்டும் விற்கலாம் என்று தெரிந்த தரகரிடம் சொன்னேன். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரே அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டார். ஒரு லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. எழுத்தர் வாசித்துக் காட்டினார், நானும் கேட்டேன். "தங்கள் பேருக்கோ, தாங்கள் கோரும் நபர் பேருக்கோ" கிரயம் செய்து தருவதாக ஒரு வரி. எல்லா அக்ரிமெண்டிலும் வருகிற வரிதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் மாதம் பதிவு அலுவலகத்தில் முன்பின் பார்க்காத ஒருவர் குடும்பத்தோடு வந்து நின்றார். அவர் மனைவி என்னிடம், "இவ்வளவு விலை சொல்லிட்டு ஒரு ரூபா கூடக் குறைக்க மாட்டேன்னுட்டீங்களேம்மா" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். எனக்கு வந்ததைவிட ஏழு லட்சம் கூட. அண்ணன் அந்த நேரம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார்.

சட்டப்படி தப்பா என்று வக்கீலைக் கேட்டேன். அந்த வரி இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்றார். பேசிய பணம் எனக்கு முழுசாக வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை.


மறுபடி, கும்பகோணம் பக்கம்

பட்டுக்கோட்டை அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி அதிலும் இருக்கிறது.

தஞ்சாவூர் ஐயா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. தரகர் கேட்டது கூலிதான் என்றால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், இரண்டு பர்சென்ட் என்றாலும் கொடுத்திருப்பேன். மூன்று லட்சத்தை அந்த வட்டத்துக்குள் ஒளித்து வைத்ததுதான் இன்னும் ஆறவில்லை.

நேற்று அதே எக்ஸ்எல் எங்கள் தெருவுக்கு வந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு காலி மனை, அதைப் பார்க்க ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்திருந்தார். வெயிலில் நின்றவர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள், அம்மா மோர் கொடுத்தாள். அவர் மோரை வாங்கிக்கொண்டு, "தம்பிக்கு இந்த வீட்டை நான்தான் முடிச்சுக் குடுத்தேன், கேட்டுப் பாருங்க" என்று அந்தப் பையனிடம் சொன்னார். சட்டைப் பையில் அதே நோட்டு.

அந்தப் பையன் டம்ளரைக் கொடுக்க உள்ளே வந்தான். மனை ஓனர் யார் என்று கேட்டான். நம்பரைக் கொடுத்துவிட்டேன்.