பேருந்து விபத்தில் தப்பிய தம்பி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரி மீது தம்பி வந்த பேருந்து மோதி ஆறு வாரம் ஆகிறது. ஓட்டுநர் இரண்டு நொடி கண்ணயர்ந்தாராம். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர். முன்வரிசையில் சிலர் அங்கேயே இறந்துவிட்டார்கள்.

தம்பிக்குத் தோள்பட்டை முறிவுதான், கூடிவருகிறது. ஆனால் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். முன்னால் இருந்த பெரியவரோடு இடம் மாற்றிக்கொண்டதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒரு மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கணும் என்று எலும்பு மருத்துவரே சொன்னார். இவன் வரமாட்டேன் என்கிறான். (‘நல்லாத் தூங்கினால் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுதானே வரவில்லை.)

இப்படித் தப்பியவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதல் தடவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அப்புறம், மறுபடி பேருந்து ஏற எவ்வளவு நாள் ஆனது?