மாடியில் வாஷிங் மெஷின் ஓடினால் கீழே பாத்ரூமில் தண்ணீர் பொங்குகிறது. தரையை உடைத்துத்தான் ஆக வேண்டுமா?

பழைய வண்ணை வாசி:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சொந்த வீடு, அப்பா 1986இல் கட்டியது. கீழே அம்மா, நான், பிள்ளைகள். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று வாரமாக, மாடியில் மெஷின் தண்ணீரைத் திறந்துவிட்டதும் எங்கள் பாத்ரூம் தரை ஜாலி வழியாக நுரையும் முடியுமாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வருகிறது. பத்து நிமிடம் நின்று மெதுவாக இறங்கும். கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் 'குளுக் குளுக்' என்று சத்தம் வருகிறது. சமையலறை சிங்க் மட்டும் நன்றாகப் போகிறது.

பாத்ரூம், கழிவறை இரண்டும் வீட்டின் பின்கோடியில். அங்கிருந்து பக்கத்துச் சந்து வழியாகச் சுமார் 35 அடி பைப் ஓடி வாசல் சேம்பரில் (மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டி) விழுகிறது. வந்து பார்த்த பிளம்பர் வாசல் சேம்பரைத் திறந்தார், காய்ந்து கிடந்தது. "பழைய பீங்கான் பைப், உள்ளே உட்கார்ந்துவிட்டது. சந்து முழுக்க உடைத்துப் புது பிவிசி போடணும், 48,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார். சந்தில் டைல்ஸ் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அம்மா அதற்குள் இரண்டு முறை ஆசிட் வாங்கி ஊற்றிவிட்டார். பிரயோஜனம் இல்லை. பணம் புரட்டுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.

குழாய் வேலை, கொருக்குப்பேட்டை:
சகோதரி, முதலில் ஆசிட்டை நிறுத்துங்கள். பழைய பைப்பின் இணைப்புகள் சிமெண்ட் வைத்துப் பூசியவை, ஆசிட் அதைத்தான் தின்னும், அடைப்பை அல்ல. நாளை யாராவது கையை விட்டு எடுக்கும்போது அந்த ஆசிட் தண்ணீர்தான் அவர் கையில் படும். நாற்றத்துக்காக அதே ஜாலியில் பிளீச்சிங் பவுடர் போட்டீர்களென்றால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் மூச்சையே அடைத்துவிடும். வேலைக்கு வருகிறவரிடம் ஆசிட் ஊற்றியதை மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அடைப்பு. உள்ளே தண்ணீர் பொங்கும்போது வாசல் சேம்பரும் நிரம்பி இருந்தால் அடைப்பு தெருப் பக்கம். வாசல் காய்ந்திருந்தால் வீட்டுக்குள். உங்களுக்கு வாசல் காய்ந்திருக்கிறது, சிங்க் தண்ணீரும் தடையில்லாமல் போகிறது. ஆக, பாத்ரூமுக்கும் சமையலறை பைப் வந்து சேரும் இடத்துக்கும் நடுவில்தான் எங்கோ நிற்கிறது. அது 35 அடி இல்லை, பாதிதான்.

இன்னொன்று. பாத்ரூம் பைப், மாடி பைப், சமையலறை பைப் எல்லாம் ஒன்றாகச் சேரும் சந்தில் நடுவே ஒரு சேம்பர் கூட இல்லாமல் எந்தக் கொத்தனாரும் கட்டியிருக்க மாட்டார். பைப் திரும்பும் இடத்திலும் கிளை சேரும் இடத்திலும் ஒரு மூடி இருக்க வேண்டும். டைல்ஸ் போட்டபோது அது உள்ளே போய்விட்டதா? அம்மாவைக் கேளுங்கள்.

மூலக்கொத்தளம் மாடிவீடு:
நான் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் பீங்கான் பைப்தான். அடைப்பு எடுத்து எடுத்தே நாலு வருடம் ஓட்டினோம். கடைசியில் பைப் விரிசல் வழியாகக் கழிவுநீர், தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் தொட்டியான சம்ப்பில் இறங்கி, பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்த பிறகுதான் உடைத்தோம். பழைய பைப் என்றால் செலவைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் சம்ப் எங்கே இருக்கிறது?

பழைய வண்ணை வாசி:
சம்ப் சந்தின் முன்பாதியை ஒட்டி, பைப்பிலிருந்து நாலு அடிதான் இருக்கும். நீங்கள் சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான்.

அண்ணா, அம்மாவைக் கேட்டேன். "துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூடி இருந்ததே" என்கிறார்! கல்லையும் எடுத்துவிட்டுத்தான் டைல்ஸ் போட்டார்கள்.

குழாய் வேலை, கொருக்குப்பேட்டை:
அங்கேதான் இருக்கிறது. உலக்கை இருந்தால் அடிப்பக்கத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். கெட்டியான தரை 'டக்' என்னும், கீழே சேம்பர் இருந்தால் பானையைத் தட்டுவது போல் கேட்கும்.

மூலக்கொத்தளம் அண்ணன் சொன்ன பயம் நியாயமானது. அதற்காக முழுச் சந்தையும் உடைக்க வேண்டியதில்லை, சோதனை செய்துவிடலாம். சம்ப்பைக் காலி செய்து, துணியால் துடைத்து, உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் டார்ச் அடித்துச் சுவரையும் அடித்தளத்தையும் பாருங்கள். ஊறியிருந்தால் ஈரம் கோடு போட்டிருக்கும். துடைக்க உள்ளே இறங்குகிறவர் தனியாக இறங்க வேண்டாம், மூடியை முன்னதாகவே வெகுநேரம் திறந்து வையுங்கள், மேலே ஒருவர் நிற்கட்டும்.

அடைப்பு எடுத்த பிறகு பைப்பையும் பார்த்துவிடலாம். வாசல் சேம்பரில் பைப் வாயில் துணி சுற்றிய பந்தை இறுக்கி அடைத்து, நடு சேம்பரில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, சாக்பீஸால் கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடக் கூடாது, மாடியிலும் சொல்லிவிடுங்கள். கோடு இறங்கினால் அந்தத் துண்டில் ஒழுகல் இருக்கிறது. இறங்காவிட்டால் 86இல் போட்ட பைப் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். பீங்கான் பைப் துருப்பிடிக்காது, அரிக்காது. கெட்டுப்போவது இணைப்புதான்.

வியாசர்பாடி அக்கா:
தங்கச்சி, உங்கள் விஷயம் வேறு என்றாலும் இதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் சாலையை மேல்மேலே போட்டுப் போட்டு வீடு இரண்டு படி கீழே போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீர் மேன்ஹோல் வழியாகத் திரும்பி, எங்கள் கழிவறைக் கோப்பையில் வந்து நின்றது. நடு ராத்திரியில் மாமியாரைத் தூக்கிக் கட்டில்மேல் உட்கார வைத்தோம். அதன் பிறகு வாசல் சேம்பரில் 'நான்-ரிட்டர்ன்' வால்வ் என்னும் ஒருவழி வால்வ் வைத்தோம். தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. ஆனால் அதன் நாக்கில் முடியோ நாரோ சிக்கினால் மூடாது, மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அதனால் மழை நாளில் மாடியில் இருப்பவர்களும் தண்ணீரை அடக்கி விட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் குளித்த தண்ணீரே உங்கள் பாத்ரூமில் பொங்கும்.

மாடித் தளத்து மழைநீரையும் கழிவுநீர் சேம்பரில் விட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். வீட்டுக் கழிவுநீருக்குப் போட்ட நாலு அங்குலப் பைப் ஐப்பசி மழையைத் தாங்காது.

காசிமேடு கடலோரம்:
மீன் செதிலை சிங்க்கில் விடாதீர்கள். செதில் தனியாக ஒன்றும் செய்யாது, வறுத்த எண்ணெயும் சோறு வடித்த கஞ்சியும் சேர்ந்தால் பைப் சுவரில் ஓடு போலப் படியும். நாங்கள் வாளியில் கழுவி, வலைத்துணியில் வடித்து, செதிலைக் குப்பையில் போடுகிறோம். எண்ணெய்ச் சட்டியைப் பழைய தாளால் துடைத்த பிறகே தேய்க்கிறோம். பாத்ரூம் ஜாலிக்குக் கீழே இருக்கும் கப்பை வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவினால் முடி பைப்பு வரைக்கும் போகாது. நாற்றம் தாங்காமல் சிலர் அந்தக் கப்பையே எடுத்து வீசிவிடுவார்கள். அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுப்பது.

பழைய வண்ணை வாசி:
எல்லோருக்கும் நன்றி. நடந்ததை விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

உலக்கையால் தட்டியதில் ஆறாவது டைல் பானை போலக் கேட்டது. இரண்டு டைல்தான் உடைத்தோம். கீழே அப்பா காலத்து சிமெண்ட் மூடி, மேலே அவர் குச்சியால் கீறிய எங்கள் வீட்டு எண் அப்படியே இருந்தது. திறந்தால் சேம்பர் விளிம்பு வரை தண்ணீர். வெளியே போகும் வாயில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. டைல்ஸ் போட்டவர்கள் மூடியை மூடுவதற்கு முன் கலவை அள்ளும் பாண்டுகளை அதிலேயே கழுவி ஊற்றியிருக்கிறார்கள். சிமெண்ட் கலவை வாயில் இறுகி, அதன்மேல் இரண்டு வருட முடி, தேங்காய் நார், சோப்பு நுரை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருவர் வந்தார்கள். ஆசிட் விஷயத்தைச் சொன்னதும் பெரிய கையுறை போட்டுக்கொண்டு, உளியால் பெயர்த்து, மூங்கில் பிளாச்சு விட்டு இழுத்தார்கள். அரை நாள் வேலை, கூலி 1,800. பின்கோடியில் சொட்டு நீலம் கலந்த ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். முப்பது எண்ணுவதற்குள் வாசல் சேம்பரில் நீலம் வந்துவிட்டது. அம்மா அழுதேவிட்டார்.

சம்ப் சோதனையில் ஈரம் இல்லை. ஆனால் சாக்பீஸ் கோடு அரை மணி நேரத்தில் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. சந்தில் சம்ப் பக்கம் இரண்டு டைல்களுக்கு நடுவே எந்த வெயிலிலும் கறுப்பாக ஈரமாகவே இருக்கும் ஒரு கோடு உண்டு, இத்தனை நாள் அதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மட்டும் மூன்று அடி உடைத்தோம். மதில் சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேர் நூல் நூலாக இறங்கி இணைப்புக்குள் புகுந்திருக்கிறது. அந்த மூன்று அடிக்கு மட்டும் பிவிசி போட்டு, இரண்டு முனையும் பூசி, மறுபடி நிரப்பிப் பார்த்தோம். கோடு அசையவில்லை. இதற்கு 6,500. கன்றையும் வேரோடு எடுத்தாயிற்று.

மூலக்கொத்தளம் அண்ணா, நீங்கள் சம்ப்பைக் கேட்காமல் இருந்தால் அடைப்பு போனதோடு விட்டிருப்பேன். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறானா?

கடைசியாக ஒரு சந்தேகம். நடு சேம்பர் மூடிமேல் மறுபடி டைல் ஒட்டித் தருகிறேன், கண்ணுக்குத் தெரியாது என்கிறார் கொத்தனார். ஒட்டலாமா?

மூலக்கொத்தளம் மாடிவீடு:
நன்றாக இருக்கிறான்மா, பள்ளிக்கூடம் போகிறான். முழுச் சந்தையும் உடைக்கச் சொன்னது என் அவசரம். இணைப்பைப் பார்த்துச் சரிசெய்தது நல்லது.

குழாய் வேலை, கொருக்குப்பேட்டை:
ஒட்ட வேண்டாம். சட்டத்தோடு வரும் மூடி கடையில் கிடைக்கும், தரை மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சிமெண்ட் பூசாமல் விளிம்பில் கிரீஸ் தடவி உட்கார வைத்தால் காற்று கசியாது, திறக்கவும் எளிது. புரட்டாசியில் ஒருமுறை திறந்து பிளாச்சு விடுங்கள். இரண்டு அடி ஆழம்தான், மேலே நின்றே செய்யலாம்.

எப்போதாவது வாசல் சேம்பரும் சேர்ந்து நிரம்பினால் தெரு மேன்ஹோலில் அடைப்பு. 1916க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குடிநீர் வாரியத்து வண்டி வரும். அவசரத்துக்கு யாரையும் மேன்ஹோலுக்குள் இறக்கிவிடாதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஆளை ஏறி வர விடாது.