மறு: பைப்லைன் = வழியிருப்பு? சரிவருமா?

அன்பு நண்பர்களே,

கேட்டனுப்பி இன்னும் வந்துசேராத மருந்தைக் களஞ்சியக்காரர் ஆங்கிலத்தில் "பைப்லைன்" என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன கிழமை நான் கேட்டது இன்னும் முடியவில்லை. மன்னிக்கவும், இன்னொரு நீண்ட மடல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: எச்.ஐ.வி. மருந்துகளின் வழங்கலைக் கவனிப்பது எப்படி என்று ஆபிரிக்க நாடுகளின் களஞ்சியப் பொறுப்பாளர்களுக்காக எழுதிய ஒரு பயிற்சிக் கைநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2003-ல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் என்ற எச்.ஐ.வி. உதவித் திட்டத்தைச் சுற்றி எழுதப்பட்டது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இது எதற்கு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். மருந்துக் களஞ்சியம் எங்கும் மருந்துக் களஞ்சியம்தான். 2022-ல் இங்கே மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மருந்துத் துண்டோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, "இல்ல, வெளியில எடுங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். திருச்சி ஐயா தந்த "குழாய்வழி" எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் பைப் என்றால் முற்றத்தில் நிற்கிற தண்ணீர்ப் பைப்தான். கைநூலில் ஒரு பக்கத்தை மருந்தகத்தில் வேலைசெய்யும் என் மச்சாளிடம் காட்டினேன். "குழாய்வழியில் 800 போத்தல்கள் உள்ளன" என்று உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, "எங்க மச்சான் அடைச்சிருக்கு?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

"வரத்து" எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் சந்தையில் "இண்டைக்கு மீன் வரத்துக் குறைவு" என்றால் கரைக்கு வந்து இறங்கிய மீனைப் பற்றிய பேச்சு, இன்னும் கடலில் நிற்கும் தோணிக்குள் கிடப்பதைப் பற்றியதல்ல. "வரவு" இன்னும் மோசம், கணக்கேட்டில் வரவு என்று எழுதினால் வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள். நாங்கள் தவிர்க்கப் பார்க்கும் குழப்பமே அதுதானே. "வழிச்சரக்கு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, சரக்கு என்ற சொல் இப்போது எந்தக் கடைக்குப் போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏன் இந்தச் சொல்லில் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது. ஒரு கிளினிக்கில் 400 பேர் டி.எல்.டி. எடுக்கிறார்கள் என்று வையுங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. 30 குளிசைப் போத்தல் என்றால் மாதம் 400 போத்தல். களஞ்சியத்தில் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு ஆறு மாதத்துக்கு, அதாவது 2,400. இறாக்கையில் 900 இருக்கிறது, ஏற்கெனவே கேட்டனுப்பி இன்னும் வந்துசேராதது 800. அப்போது புதிதாகக் கேட்கவேண்டியது 700. அந்த 800-ஐ மறந்துவிட்டால் 1,500 கேட்பீர்கள், இரண்டு மாத மருந்து தேவைக்கு மேல் வந்து குவியும், ஒவ்வொரு தடவையும் இப்படியே போனால் ஒருநாள் காலாவதியான பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மாறாக அதே 800-ஐ இறாக்கையில் இருப்பதோடு கூட்டி எழுதினால் புத்தகம் 1,700 என்று சொல்லும், நாலு மாதத்துக்கு மேல் பயமில்லை என்று மேலிடம் நினைக்கும், உள்ளே இரண்டேகால் மாதத்துக்குத்தான் மருந்து. இந்த மருந்து இடையில் நின்றால் சில கிழமைகளிலேயே வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கும். காய்ச்சல் குளிசை மாதிரி அடுத்த கிழமை பார்ப்போம் என்று விடமுடியாது.

என் பெரிய மாமா கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். சண்டைக் காலம். கொழும்பிலிருந்து மா லொறி வெளிக்கிட்டது என்று செய்தி வரும், வழியில் எங்காவது சோதனைச் சாவடியில் இரண்டு நாள் நிற்கும், சில நேரம் கிறுகித் திரும்பியும் போய்விடும். மாமாவின் இருப்புப் புத்தகத்தில் திகதி, வந்தது, கொடுத்தது, மிச்சம் என்று நாலு நிரல். வரவேண்டியதை ஓரத்தில் பென்சிலால் எழுதுவார், "வழியில 60 மூடை" என்று, லொறி வந்து இறக்கிய பிறகு அதை அழித்துவிட்டு "வந்தது" நிரலில் பேனையால் ஏற்றுவார். பாடசாலை விடுமுறையில் அவருக்குக் கூட்டல் போட்டுக் கொடுக்கப் போன நான் ஒருநாள் அந்த அறுபதையும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். "மனே, வழியில நிக்கிறதக் கையில இருக்கிறதோட சேக்கப்படாது" என்றார். அடிக்கவில்லை, ஆனால் முழுப் பக்கத்தையும் திரும்பக் கூட்டவைத்தார்.

கையில் இருப்பது கையிருப்பு. வழியில் இருப்பது வழியிருப்பு. புதிதாக ஒன்றும் செய்யவில்லை, கேட்டவுடனே விளங்குகிறது, "வழியிருப்பை ஏற்றாதே" என்று வினையோடும் பொருந்துகிறது. என்ன சொல்கிறீர்கள்?

கல்லடியிலிருந்து

---

சம்மாந்துறையிலிருந்து:

தம்பி, வழியிருப்பு நல்ல சொல். ஒரு கை என்னுடையது. ஆனால் பைப்லைன் வருகிற இடத்திலெல்லாம் அதையே போட்டு நிரப்பிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். நான் வெளிநாட்டு உதவித் திட்டங்களில் கணக்குப் பார்த்தவன், இந்தச் சொல்லால் எத்தனை கூட்டம் வீணாய்ப் போனது என்று எனக்குத்தான் தெரியும். மருந்துக்காரர் பைப்லைன் என்றால் சில நேரம் தொழிற்சாலையிலிருந்து கிளினிக் வரைக்குமான முழுப் பாதையும், அதிலுள்ள களஞ்சியங்களும் லொறிகளும் எல்லாம். சில நேரம் நீங்கள் சொல்கிற, வந்துகொண்டிருக்கும் அளவு. நிதிக்காரர் பைப்லைன் என்றால் மருந்தே இல்லை, முந்திய வருடங்களில் ஒதுக்கி இன்னும் செலவாகாமல் கிடக்கிற காசு. பெப்ஃபாரில் இந்த மூன்றாவது பொருள் நிறைய வரும். "பைப்லைன் கூடிவிட்டது" என்றால் மருந்தாளருக்குச் சந்தோஷம், நிதிக்காரருக்கு அடுத்த வருட ஒதுக்கீட்டில் வெட்டுவதற்கு ஒரு சாட்டு.

இன்னொன்று. அந்தத் திட்டத்துக்காக 2005-ல் தொடங்கிய வழங்கல் ஏற்பாட்டில் கானா, கென்யா, தென்னாபிரிக்கா மூன்றிலும் பிராந்தியக் களஞ்சியங்கள் வைத்தார்கள். கப்பலில் மலிவாகக் கொண்டுவந்து அங்கே சேர்ப்பது, பக்கத்து நாடுகள் கேட்கும்போது அங்கிருந்து கிட்டத்தில் அனுப்புவது. அப்படிக் கானாவில் கிடப்பது யாருடைய வழியிருப்பு? எந்த நாட்டின் பெயரும் அதில் இன்னும் எழுதவில்லையே.

---

சம்மாந்துறைக் காக்கா,

மூன்று பொருளும் உண்மை. நான் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். பாதைக்கு "வழங்கல் வழி", அளவுக்கு "வழியிருப்பு", காசுக்கு "செலவாகா நிதி" என்று பிரித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்காகத் தமிழில் ஒன்றுதான் வேண்டும் என்று யார் சொன்னது. கலைச்சொல் அகராதி போடுகிறவர்கள் ஒரு வரிக்கு ஒரு சொல் என்று பிடிவாதம் பிடித்தே எத்தனையோ இடத்தில் கெடுத்திருக்கிறார்கள் (திட்டுகிறவர்கள் தனிமடலில் திட்டுங்கள்).

கானாக் கேள்விக்கு என் பதில், பெயர் எழுதும் வரைக்கும் அது யாருடைய வழியிருப்பும் இல்லை, "பொது இருப்பு". கட்டளை போட்டு ஒதுக்கிய நிமிடத்திலிருந்து வழியிருப்பு.

2025-ல் நடந்ததையும் யோசித்துப் பார்த்தேன். ஜனவரி 20 அன்று அமெரிக்க வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்கும் ஆணை, நாலு நாளில் வேலையை நிறுத்து என்ற கட்டளை. (இதை "வேலைநிறுத்தம்" என்று எழுதினால் தொழிற்சங்கம் கொடி பிடித்துக்கொண்டு வரும், அதற்கும் ஒரு சொல் வேண்டும்.) உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு என்று அடுத்த சில நாளில் அறிவித்தார்கள். அதற்கிடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்து, அந்தந்த நாட்டுக் களஞ்சியத்துக்கே வந்துவிட்ட மருந்துகூட, எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தது. காசும் செலவாகிவிட்டது, பொருளும் வந்துவிட்டது, ஆனால் கிளினிக்கின் கைக்கு வரவில்லை. அந்தப் பெட்டிகளும் வழியிருப்புத்தான். "குழாய்வழி" என்று எழுதியிருந்தால் திறந்துவிட்டால் தானாக வந்து விழும் என்ற நினைப்பு வந்துவிடும். வழி என்றால் மறிக்கவும் ஆள் நிற்கும் என்று எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

---

படுவான்கரையிலிருந்து:

அண்ணா, நான் கிளினிக்கில் வேலைசெய்கிறவள், சொல்லாராய்ச்சி தெரியாது, ஒரு சந்தேகம் மட்டும். கையிருப்பு என்கிறீர்கள், யாருடைய கை? மூன்று மாதத்துக்கு 90 குளிசைப் போத்தலாய்க் கொடுத்துவிட்டால் புத்தகத்தில் அது "கொடுத்தது", கணக்கு முடிந்தது. ஆனால் மருந்து முடியவில்லை, அந்த ஆளின் வீட்டில் இருக்கிறது. வெள்ளம் வந்து பாதை ஓடாத நாளில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உதவுவது அந்த மருந்துதான், கிளினிக்கில் இருப்பது இல்லை.

(வெளிநாட்டு நண்பர்களுக்கு: எங்களிடம் "பாதை" என்றால் வாவியைக் கடக்கிற மிதவை.)

---

தங்கச்சி,

இது கைநூலிலேயே இல்லை. "வீட்டிருப்பு" என்று வைத்துக்கொள்வோமா? கிளினிக்கின் கூட்டலில் அதைச் சேர்க்க முடியாது, ஆனால் அடிக்குறிப்பாவது போடுகிறேன்.

அடுத்தது "பஃபர் ஸ்டொக்", வழங்கல் பிந்தினால் உதவும் என்று ஒதுக்கி வைக்கிற மேலதிக இருப்பு. காக்கா தொலைபேசியில் "விதைநெல்" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விதைநெல்லைத் தின்னக் கூடாது, இதை முடைக்கு எடுத்துத் தின்னத்தான் வைத்திருக்கிறோம். வேறு பாருங்கள்.