கிறிஸ்துமஸ் நைட் 15 பேருக்கு சமைக்கணும், லிஸ்ட் போட ஹெல்ப் பண்ணுங்க
அக்காங்களா, டிசம்பர் 25 நைட் சாப்பாடு இந்தவாட்டி எங்க வீட்லதான், இத்தன பேருக்கு நான் தனியா சமைக்கிறது இதான் ஃபர்ஸ்ட் டைம். மட்டன் பிரியாணி, கத்தரிக்கா, தயிர் பச்சடி, சேமியா பாயாசம்னு யோசிச்சிருக்கேன். சீரக சம்பா 2 கிலோ, கறி 2 கிலோ போதுமா, இல்ல கறி அரை கிலோ கூட வாங்கணுமா? போன வருஷம் அன்னைக்கு காலைல போயி கறிக்கடைல ரெண்டு மணி நேரம் நின்னு கடைசில வெறும் எலும்பும் கொழுப்பும்தான் கெடச்சுது, அதனால 24ந்தேதியே வாங்கி தயிர், உப்பு போட்டு பிசறி ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாமா, ரொம்ப கொழஞ்சிருமா? இஞ்சி பூண்டு விழுது ரெண்டு நாள் முந்தியே எண்ணெய் விட்டு அரைச்சு வச்சிடுவேன். மாமாவுக்கு சுகர், எல்லாரும் பாயாசம் குடிக்கும்போது அவரு மட்டும் சும்மா உக்காந்திருந்தா மனசு கேக்காது, அவருக்கு ஏதாவது சொல்லுங்களேன்.