புது வீட்டில் முதலில் மோட்டார், பிறகுதான் விளக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கிரகப்பிரவேசம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டைத் தானியங்கியாக்குவதை எங்கிருந்து தொடங்கலாம் என்று புது வீடு கட்டுகிற உறவினர்கள் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நான் முதலில் வாங்கியது பன்னிரண்டு வைஃபை பல்புகள். கூரைக்குச் சென்ட்ரிங் பிரிக்கும் முன்பே அவை வீட்டுக்கு வந்துவிட்டன. இன்று அவற்றில் இரண்டுதான் எரிகின்றன. மற்றவை பழுதாகவில்லை, நானே கழற்றி வைத்துவிட்டேன். இந்த வகைப் பல்புக்கு எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் கைப்பேசியிலிருந்து அதை எழுப்ப முடியாது. என் மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பது அவர் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த பழக்கம். நான் ஒவ்வொரு சுவிட்சின் மேலும் "அணைக்க வேண்டாம்" என்று காகிதம் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாலை, மாமா கூடத்து வாசலில் நின்றுகொண்டு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டி, காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தன் சேமிப்பையும் போட்டுக் கட்டிய வீட்டில் ஒரு சுவிட்சைத் தொட அவர் தயங்கினார். அன்றிரவே காகிதங்களையெல்லாம் கிழித்துவிட்டேன்.

அதன் பிறகு வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் போல வேலை செய்ய வேண்டும், வீட்டில் யாரும் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கக் கூடாது. அதற்குப் பல்பை விட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் அடங்கும் சிறிய ரிலே மாட்யூல்களுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு) மாறினேன். கையால் போட்டாலும் எரியும், நேரம் வைத்தாலும் எரியும். மாடிப்படியில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு சுவிட்சுகளும் முன்பு போலவே இயங்குகின்றன.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கேதான் பெரிய செய்தி இருக்கிறது. நம் பக்கத்து வயரிங்கில் வெறும் விளக்கு சுவிட்சுகள் மட்டும் இருக்கும் பெட்டிக்குப் பெரும்பாலும் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி வராது, மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் மட்டும்தான் வரும். மாட்யூலுக்கோ நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகையும் உண்டு. ஆனால் அது பல்பின் வழியாகச் சிறிது மின்னோட்டத்தைக் கசியவிட்டுத்தான் உயிர் வாழும். சிறிய எல்.இ.டி. விளக்கு அணைத்த பிறகும் மினுங்கிக்கொண்டே இருக்கும். எனவே பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், பெட்டியும் சற்று ஆழமானதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் பூசி முடிந்திருந்தது. நான்கு இடங்களில் சுவரை மறுபடி வெட்டினோம்.

நியூட்ரலை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கூடத்து மாட்யூல் விளக்கைப் போடும்போதெல்லாம் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து வீடு முழுவதும் இருண்டது. மூன்று நாள் கருவியைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் மின்வேலை செய்த சேட்டன் பலகையைப் பிரித்துப் பார்த்தபோது, பேஸ் ஒரு ஆர்.சி.சி.பி.யின் கீழிருந்தும் நியூட்ரல் இன்வெர்ட்டர் வரிசையிலிருந்தும் வந்திருப்பது தெரிந்தது. போன மின்னோட்டம் அதே வழியில் திரும்பவில்லை என்றால் அது கசிவென்று கண்டு துண்டிப்பதுதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் வேலை. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

இனி மோட்டார். தலைப்பில் அதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி பாலக்காட்டின் மற்ற இடங்களைப் போல நனைந்த பூமி இல்லை. எங்கள் போர்வெல் 650 அடி. விளக்கு தானாக எரியாவிட்டால் எழுந்துபோய் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம். டேங்க் நிரம்பி வழிந்தால் போன தண்ணீர் போனதுதான். மோட்டார் வறண்டு ஓடினால் அதைத் தூக்கிப் பழுதுபார்க்கும் செலவில் வீட்டின் எல்லா விளக்குகளுக்கும் மாட்யூல் வாங்கிவிடலாம்.

முதலில் டேங்கின் மூடியில், ஒலியை அனுப்பி நீர்மட்டத்தை அளக்கும் மீயொலி உணரியை மாட்டினேன். உள்ளே எழும் ஈரம் அதன் முகத்தில் துளியாகப் படிந்து, பாதி டேங்கை நிரம்பிய டேங்காகக் காட்டியது. இப்போது இருப்பவை இரண்டு சாதாரண மிதவை சுவிட்சுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. தண்ணீருக்குள் 230 வோல்ட் போகக் கூடாது என்று சேட்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மிதவைக்குப் போவது 24 வோல்ட். மேல் மிதவை இயக்கும் ரிலே, ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டரின் காயிலை நேராகத் துண்டிக்கிறது. வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி செத்துப்போனாலும் டேங்க் நிரம்பியதும் மோட்டார் நிற்கும். கணினிக்கு மிச்சமிருக்கும் வேலை எப்போது போடுவது, எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பவை. எங்கள் 1.5 குதிரைத்திறன் மோட்டார் நீரேற்றும்போது 9 ஆம்பியர் அளவில் இழுக்கும். நீர்மட்டம் இறங்கினால் 6க்கு வந்துவிடும். 6.5க்குக் கீழே பத்து விநாடி இருந்தால் நிறுத்து என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் மட்டும் நான்கு முறை நிறுத்தியது.

மோட்டார் ஓடும் நேரம் பகல் பதினொரு மணி. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம் கூடுதல், பகலில் குறைவு. மேலும் 250 வரை படிப்படியாக ஏறும் கட்டணம், அதைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலையாகிவிடும். கோட்டுக்கு அருகில் இருக்கும் எங்களைப் போன்ற வீட்டுக்கு டி.பி.யில் (மின்பகிர்வுப் பெட்டியில்) ஒரு மின் அளவி வைப்பது எந்த வண்ண விளக்கையும்விடப் பயனுள்ளது.

அத்தைக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்தால் கட்டிலுக்கடியில் மங்கலான விளக்கு எரியும்படி அசைவு உணரி வைத்தேன். மார்கழியில் அருமையாக வேலை செய்தது. சித்திரையில் அவர் எழுந்து நடந்தும் எரியவில்லை. இவ்வகை உணரி உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. பாலக்காட்டுக் கோடையில் இரவிலும் அறை கொதிக்கிறது, வேறுபாடு மிகவும் குறுகிவிடுகிறது. ரேடார் போல அசைவைப் பார்க்கும் மில்லிமீட்டர் அலை உணரிக்கு மாறினேன். அது மின்விசிறியின் இறக்கையை மனிதர் என்று எண்ணி விடிய விடிய விளக்கை எரித்தது. கட்டிலின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கீழ்நோக்கித் திருப்பி வைத்த பிறகுதான் சரியானது.

எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட். 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. ராஸ்பெர்ரி பை என்ற அந்தச் சிறு கணினியில், இன்வெர்ட்டர் வரிசையில் ஓடுகிறது. ஆடிக் காற்றில் இணையம் இரண்டு நாள் இல்லை, அத்தையின் விளக்கு எரிந்தது. முதலில் வாங்கிய கருவிகள் தொலைதூரச் சேவையகத்தைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடும். அவற்றை நம்பியிருந்தால் அந்த இரண்டு இரவும் அவர் இருட்டில்தான் நடந்திருப்பார்.

செங்கோட்டையிலிருந்து:

அக்கா, மாமாவின் கை பின்வாங்கியதை நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் தாத்தாவின் நினைவு வந்தது. எங்கள் வீடு திருவிதாங்கூர் காலத்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தபோது அந்த வீட்டில் மின்சாரமே இல்லை. புதிய பகுதியைக் கட்டி, பழையதற்கும் சேர்த்து வயரிங் செய்தோம். நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், இடி.

வாசல் கேமராவுக்கு வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் செம்புக் கம்பி வடத்தை வெட்டவெளியில் இழுத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு மாலை, பக்கத்துத் தோப்பில் தென்னை மீது இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை. ஆனாலும் கேமரா, ரவுட்டர், கட்டுப்பாட்டுக் கணினி, தொலைக்காட்சி நான்கும் ஒரே நொடியில் போயின. அந்த நீண்ட கம்பி, பாய்ந்துவந்த மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. டி.பி.யில் மின்பாய்ச்சல் காப்பான் இருந்தது. அது மின்கம்பி வழியாக வருவதைத்தான் தடுக்கும், வலைக்கம்பி வழியாக வருவது அதற்குத் தெரியாது.

இப்போது வாசலுக்குப் போவது ஒளியிழை வடம். இரு முனையிலும் ஒரு மாற்றி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. காப்பானை மாற்றும்போது எர்த்தையும் அளந்து பார்த்தார்கள். பழைய குழி வறண்டு கிடந்ததால் மதிப்பு மிக அதிகமாக இருந்தது. புதுக் குழி எடுத்து 5 ஓமுக்குள் கொண்டுவந்தோம். நல்ல எர்த் இல்லாத வீட்டில் காப்பான் பெயரளவில்தான் இருக்கும். கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் மகளின் பொறுப்பு.

நகரியிலிருந்து:

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி. மாலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. 28, 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி வாங்கினால் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுங்கள். விசிறியின் உள்ளேயே மின்னணுச் சுற்று இருக்கிறது, ரெகுலேட்டர் அதைக் கெடுத்துவிடும். என் தம்பி எடுக்காமல் மாட்டி, இரண்டு விசிறிகளின் சுற்றுப்பலகை போயிற்று.

பாறசாலையிலிருந்து:

களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் பெரும்பாலும் வெட்டுக்கல் சுவர்கள். எங்கள் வீட்டுச் சுவர் முக்கால் அடிக்குக் குறையாது. ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் உணரிகள் அடுத்த அறையிலேயே காணாமல் போய்விடும். கடையில் கேட்டால் அலைபரப்பி ஒன்று வாங்கு என்பார்கள். நான் வாங்கினேன், பயனில்லை. பிறகு பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டவை இவை.

ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வெளியில் பேசுகின்றன. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை அலைவரிசைகள். என் கருவி 11இல் இருந்தது, வைஃபை 1இல் இருந்தது. அவை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஜிக்பீயை 25க்கு மாற்றினேன். அடுத்தது, ஜிக்பீ கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஒருங்கிணைப்பான் குச்சியைக் கணினியின் யூ.எஸ்.பி. 3 துளையில் நேராகச் செருகியிருந்தேன். அந்தத் துளையும் அதில் செருகியிருக்கும் வன்தட்டும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் இரைச்சல் எழுப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வடம் போட்டுத் தள்ளி வைத்தேன். ஒரு மீட்டர்தான், அதற்கே பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மிச்சப் பாதி சுவர். பேட்டரியில் ஓடும் உணரிகள் செய்தியைக் கடத்தாது, எந்நேரமும் மின்சாரத்தில் இருக்கும் கருவிகள்தான் கடத்தும். அறைக்கு ஒரு ஜிக்பீ பிளக் வைத்தேன், கதவு நிலைக்கு நேராக. கதவு வழியாக அலை போய்வருகிறது. இனி வாங்குவோர் மேட்டர் தரம் உள்ள கருவியா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வந்தது. வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசும்.

அக்கா, ஒரு கேள்வி. நாளை நீங்கள் ஊரில் இல்லாதபோது ஏதாவது நின்றுபோனால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மறுபடியும்:

தம்பி, இந்தக் கேள்வியை என் கணவரும் கேட்டார். செங்கோட்டைத் தம்பி சொன்ன எர்த் அளவையும் அடுத்த வாரம் எடுக்கப் போகிறோம், எங்கள் குழியில் நான் ஒருமுறைகூடத் தண்ணீர் ஊற்றியதில்லை.

மோட்டாருக்கு ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்திருக்கிறோம், ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் கை. கைப்பக்கம் திருப்பினால் பழைய பச்சை, சிவப்புப் பொத்தான்களே போதும். அப்போதும் மேல் மிதவை காவல் இருக்கும், வறண்டு ஓடாமல்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அதன் நியூட்ரல் எந்த வரிசையைச் சேர்ந்தது, எந்த எம்.சி.பி.யை (வரிசையைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கினால் அது அணையும் என்று ஒரு தாளில் வரைந்து, டி.பி. கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இங்கே வேலைக்கு வருபவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வருவார், சித்தூரிலிருந்தும் வருவார். அதனால் தமிழில் நான் எழுதினேன். அதன் கீழே மலையாளத்தில் சேட்டன் தன் கையால் எழுதிக்கொடுத்தார்.