மறு: மேய்ச்சல் நிலத் தற்காலிக வேலிக்கு எந்தக் கம்பி, என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், மாடு மேயும் நிலத்தில் தற்காலிக மின்வேலி கட்ட உதவும், நெகிழியும் உலோக இழையும் சேர்த்து முறுக்கிய கயிற்றுக்கு (ஆங்கிலத்தில் polywire) ‘மின்கம்பி’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் பொருள் எப்போதோ உறுதியாகிவிட்டது. மழைக்காலத்தில் கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் தேங்கிய தண்ணீரில் மாடு செத்துக் கிடந்தால் ‘மின்கம்பி அறுந்து விழுந்து’ என்றுதான் செய்தி வரும். மாட்டைக் கொல்லாத வேலிக்கும் அதே பெயரா? படிப்பவர் மோட்டார் கொட்டகையிலிருந்தே ஒயர் இழுத்துவிட்டால் என்ன செய்வது? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் இறந்தது அப்படிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில்தான்.

இங்கே பேசப்படும் பொருளே வேறு. நியூசிலாந்து, அயர்லாந்து பால் பண்ணைகளில் புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி மேய விடுகிறார்கள். இன்று கட்டிய வேலியை நாளைக்கே அவிழ்த்துச் சுற்றி, அடுத்த பாத்திக்குக் கொண்டு போக வேண்டும். நிரந்தர வேலிக்குப் போடும் 2.5 மி.மீ. எஃகுக் கம்பி இதற்கு ஒத்துவராது, கனம், முறுக்கிக்கொள்ளும். அதனால் பாலிஎத்திலீன் இழைகளோடு மெல்லிய உலோக இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். காசிமேட்டில் வலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய நைலான் கயிறு போலத்தான் கைக்குத் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த உலோக இழையைத்தான். துருப்பிடிக்காத எஃகு எத்தனை முறை சுற்றி அவிழ்த்தாலும் தாங்கும், எண்ணூர் உப்புக்காற்றிலும் சீக்கிரம் கெடாது. ஆனால் அதன் மின்தடை செம்பைப் போலச் சுமார் நாற்பது மடங்கு. எஃகிழை மட்டும் உள்ளதை நீளமாக இழுத்தால், கடைசி முனையில், அதுவும் புல் உரசும் இடங்களைத் தாண்டி, மாடு மதிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் மிஞ்சாது. செம்பிழை நன்றாகக் கடத்தும், ஆனால் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துவிடும். இரண்டும் கலந்ததே நல்லது. சின்னப் பட்டிக்கு எஃகு மட்டும் உள்ளதே போதும். பட்டையாக வருவதும் உண்டு; மாட்டின் கண்ணில் நன்றாகப் படும், ஆனால் கடற்காற்றில் படபடவென்று அடித்துத் தேய்ந்துவிடும்.

சரி, பெயர். ‘நெகிழிக் கம்பி’ என்றால் மின்சாரம் கண்ணிலேயே படவில்லை. ‘மின்கயிறு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கயிறு என்றதும் அறுந்த இடத்தில் கை தானாக முடிச்சுப் போடும். முடிச்சில் நெகிழியும் நெகிழியும்தான் இறுகும். உள்ளே உலோக இழைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் என்பது நிச்சயமில்லை. இரு முனையிலும் நெகிழியை நெருப்பில் காட்டி உருக்கி, வெளியே வரும் இழைகளைச் சேர்த்து முறுக்கிய பிறகுதான் முடிச்சு. ஆகவே உள்ளே புரிகள் இருப்பதைப் பெயரே சொல்ல வேண்டும். முப்புரி, வைக்கோற்புரி என்று நம்மிடம் புழங்கும் சொல்தானே? என் பரிந்துரை ‘மின்புரிக் கயிறு’, சுருக்கமாக ‘மின்புரி’. பட்டையாக இருப்பது ‘மின்புரிப் பட்டை’. நெகிழி சேராத வெறும் எஃகுக் கம்பியானால் ‘மின்வேலிக் கம்பி’.

அப்புறம், வேலிக்கு மின்சாரம் தரும் கருவியைப் பட்டியலில் ‘மின்னூட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். போன் சார்ஜருக்கும் அதையே சொல்கிறோம். இந்தக் கருவி தொடர்ந்து மின்சாரம் விடுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, மிகக் குறுகிய துடிப்பாக, சில ஆயிரம் வோல்ட் அனுப்பும். மாடு சுண்டி இழுத்தாற்போல் பின்வாங்கும், உயிர் போகாது. இடைவெளி விட்டு வரும் அந்தத் துடிப்புதான் பாதுகாப்பு என்பதால் ‘துடிப்பாக்கி’ என்று கேட்கிறேன்.

மாதவரம் பால்பண்ணைப் பக்கம் கால்நடை மருத்துவர்களோடு பழக்கம் உள்ளவர்கள், பட்டியலை முடிக்கும் முன் இரண்டு சொல்லையும் அவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.