மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொதுமக்கள் தரப்பு உறுப்பினர், மதுரை:
தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மருத்துவக் கல்லூரிக் கமிட்டியில் சம்பளம் இல்லாமல் இருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்துச் சோதனையைப் பற்றி முடிவெடுக்க என்னைப் போன்ற சாதாரண ஆள் ஒருவர் வராவிட்டால் கோரமே (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேராது.

சர்க்கரை நோயாளிகளிடம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் ஆய்வு ஒன்று வந்தது. டாக்டர்கள் மாத்திரை அளவை அலசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உறுத்தியது வேறு. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க, உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் இருட்டிலேயே பஸ் ஏற வேண்டும். அன்றைக்குக் கூலியும் போச்சு. "பஸ் காசும், ரத்தம் எடுத்ததும் நாலு இட்லியும் யார் தருவது?" என்று கேட்டேன். பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை. திருப்பி அனுப்பினோம். அடுத்த கூட்டத்துக்குக் கூலி இழப்பையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தார் ஆய்வாளர்.

சட்ட உறுப்பினர், கோவை:
சார் கேட்டது ரொம்பச் சரி. என்னிடம் வந்தது பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை ஆய்வு. தலைமையாசிரியர் கடிதம் ஒன்றுதான் இணைப்பு. அது பள்ளிக்குள் நுழைய மட்டுமே அனுமதி. பெற்றோர் கையெழுத்து தனியாக வேண்டும், ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்றேன். "வீடு வீடாக அலைய முடியாது மேடம்" என்றார் ஆய்வாளர். அலையத்தான் வேண்டும். அப்போது ஆந்திராவிலும் இப்போது தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி) போட்ட ஆய்வுத் திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட படிவங்கள் விசாரணையில் வெளிவந்தன. 2010-ல் அந்தத் திட்டமே நின்றது. அதைப் படித்த பிறகு இந்த விஷயத்தில் நான் இறங்கி வருவதில்லை.

சமூகப் பணியாளர், திருச்சி:
ஆய்வில் சேர நோயாளியிடம் ஒப்புதல் கேட்கும்போது கூட நின்று பார்க்கக் கமிட்டிக்கு உரிமை உண்டு, தயவுசெய்து போய்ப் பாருங்கள். நான் போன வார்டில் வைத்தியம் பார்க்கும் டாக்டரே படிவத்தை நீட்டினார். பாட்டி உடனே கைநாட்டு வைத்துவிட்டார். சாட்சிக் கையெழுத்து அதே வார்டு ஊழியருடையது. வெளியாள் போட்டிருக்க வேண்டியது. டாக்டர் நகர்ந்ததும் பாட்டி என்னிடம், "வேண்டாம்னு சொன்னா பெட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்று புரியவைத்தேன். "அப்போ எனக்கு வேணாம்" என்றார். பெயரை நீக்கச் சொன்னோம். அந்த ஆய்வுக்கு இப்போது சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஒருவர்தான் ஒப்புதல் கேட்கிறார்.